நாமதான் வில்லன்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கெட்டவங்களா ஆடறதோட 50 வருஷக் கதை

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடற எந்த குரூப்பை எடுத்துக்கிட்டாலும், ஒரு கட்டத்துல யாராவது ஒருத்தர் கேட்டே தீருவார்: "எத்தனை நாளைக்குத்தான் ஊரைக் காப்பாத்திட்டே இருக்கிறது? இந்த தடவை நாமளே வில்லனா ஆடலாமா?" எல்லாரும் உற்சாகமா தலையாட்டுவாங்க. பெரும்பாலும் மூணாவது வாரத்துக்குள்ள கதை முடிஞ்சிடும். ஒருத்தர் கூட்டாளியோட புதையலைச் சுருட்டியிருப்பார். இன்னொருத்தர் தூங்கிட்டிருந்தவரைக் குத்தியிருப்பார். ஏன்னு கேட்டா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பதில்தான்: "என் கேரக்டர் அப்படித்தான் பண்ணுவான்." நாலாவது வாரம் யாரும் வரமாட்டாங்க.

"கெட்டவங்களா ஆடினா இப்படித்தான் ஆகும்"னு பலர் சொல்வாங்க. நான் அதை ஏத்துக்கல. இந்தப் பிரச்சினைக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

இந்த விளையாட்டே புதுசுன்னா, ஒரு நிமிஷ அறிமுகம். நாலஞ்சு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் அதுல நடக்கிறதையும் அவர் சொல்வார். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். "நான் கதவை உடைக்கிறேன்"னு சொன்னா, உடையுதா இல்லையான்னு பகடை முடிவு பண்ணும். அதே கேரக்டர்களை வச்சு மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல தொடர்ந்து ஆடினா அது கேம்பெயின்.

முதல்ல அது ஒரு அணியின் பேர்

1971-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனோடு சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' என்ற விதிப் புத்தகம் வெளிவந்தது. சின்னச் சின்ன பொம்மை வீரர்களை மேஜை மேல் நிறுத்தி, இடைக்காலப் போர்களை ஆடும் விளையாட்டு அது. புத்தகத்தின் கடைசியில் மந்திரவாதி, டிராகன் எல்லாம் வரும் ஒரு கற்பனைப் பகுதி இருந்தது. அங்கே ஒரு பட்டியல்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். ட்வார்ஃப்கள் ஒழுங்கின் பக்கம், ஓர்க்குகள் குழப்பத்தின் பக்கம்.

இந்தப் பட்டியல் நல்லவன் கெட்டவன்னு யாரையும் எடைபோடல. எந்தப் படையில் யாரைச் சேர்க்கலாம்னு மட்டும்தான் சொல்லுச்சு. செஸ்ல கறுப்புக் காய் எடுத்தவரை யாரும் கெட்டவர்னு சொல்றதில்லையே, அந்த மாதிரி.

அதே வருஷம் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் 'பிளாக்மூர்' என்ற கேம்பெயினை ஆரம்பித்தார். அங்கே சில ஆட்டக்காரர்கள் எதிர்ப்பக்கத்தில் ஆடினார்கள். அந்தக் குழுவில் இருந்தவங்க பல வருஷமா சொல்லிட்டு வர்ற கதை ஒண்ணு உண்டு. சர் ஃபேங் என்ற கேரக்டர் வாம்பயராக மாறி, மத்தவங்களால சமாளிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துட்டாராம். அவரை அடக்க புதுசா ஒரு வகைக் கேரக்டரை உருவாக்க வேண்டி வந்ததாம். அதுதான் கிளெரிக், அதாவது தெய்வ சக்தியோடு சண்டை போடும் பூசாரி. இன்னைக்கும் காயத்தை ஆத்தறதுக்கு எல்லா பார்ட்டியும் தேடற அந்த கிளெரிக், ஒரு வில்லன் ஆட்டக்காரருக்குப் பதிலடியா பிறந்தவர்.

இங்கே ஒண்ணு கவனிங்க. சர் ஃபேங் யாரையும் முதுகில் குத்தல. அவர் எதிரணின்னு மேஜையில் எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் அது ஒரு ஆளின் குணம்

1974-ல் கைகாக்ஸும் ஆர்னெசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் பதிப்பு 1,000 பிரதிகள். ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் மூணும் அதிலும் இருந்தது. ஆனா இப்போ நீங்க படையை நடத்தல, ஒரே ஒரு ஆளா ஆடறீங்க. அணியின் பேர் ஆளின் குணமாக மாற ஆரம்பிச்சது இங்கேதான்.

1976-ல் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கு வேறு, நன்மை வேறு. குழப்பம் வேறு, தீமை வேறு. ரெண்டும் தனித்தனி அச்சு. 1978-ல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அதை ஒன்பது அலைன்மென்ட்களாக விரித்தது. மீம்களில் நீங்க பார்த்திருக்கிற அந்த மூணுக்கு மூணு கட்டம், லாஃபுல் குட் தொடங்கி கயாட்டிக் ஈவில் வரைக்கும், இங்கேர்ந்து வந்ததுதான்.

இப்போ அந்த 1978 புத்தகத்தை ஒரு இன்ஜினியர் கண்ணோட பாருங்க. அசாசின் என்ற கேரக்டர் வகைக்கு விதி: அவர் கெட்டவராகத்தான் இருக்கணும். பாலடின் என்ற புனித வீரருக்கு விதி: கெட்டவர்களோடு சேர்ந்து பயணம் போகவே கூடாது. ரெண்டுமே ஒரே புத்தகத்தில், ஒரே மேஜைக்கான தேர்வுகள். ஒரே ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டுல ஒண்ணுக்கொண்ணு முரண்படற ரெண்டு பாயிண்ட். சண்டை வரலைன்னாதான் ஆச்சரியம்.

1979-ல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' இன்னும் ஒரு படி மேலே போனது. சொன்ன அலைன்மென்ட்டை விட்டு விலகினா ஒரு லெவல் போச்சு. அதாவது கெட்டவன்னு எழுதிட்டு நல்லது பண்ணாலும் தண்டனை! "என் கேரக்டர் அப்படித்தான் பண்ணுவான்" என்ற வாக்கியத்துக்கு விதிப் புத்தகமே சாட்சிக் கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடுச்சு.

கைகாக்ஸோட சொந்த மேஜையிலேயே ஒரு பேர்போன கெட்டவர் இருந்தார். ராப் குன்ட்ஸ் ஆடிய ராபிலார். 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற பொறிகள் நிறைந்த கல்லறைக்குள் தன்கிட்ட வேலை பார்த்த ஓர்க்குகளை முன்னாடி அனுப்பி, அவங்க பொறியில் மாட்டிச் சாக, பின்னாடி பத்திரமா நடந்து போனவர். கொடூரம்தான். ஆனா அந்த ஆட்டம் நல்லாத்தான் போச்சு. காரணம், ராபிலார் பெரும்பாலும் தனி ஆள். பலியான ஓர்க்குகள் டன்ஜன் மாஸ்டரோட பாத்திரங்கள். அவங்களுக்குப் பின்னாடி, வாரக் கடைசியை ஒதுக்கிட்டு வந்த ஒரு நண்பர் இல்லை.

அப்புறம் பயம் வந்தது

1979 ஆகஸ்டில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். அவர் இந்த விளையாட்டை ஆடியதால், வளாகத்துக்கு அடியில் இருந்த சுரங்கப் பாதைகளில் விளையாட்டை நிஜமென்று நம்பித் தொலைந்திருப்பார் என்று ஒரு ஊகம் கிளம்பியது. பத்திரிகைகள் அதைப் பரப்பின. சில வாரங்களில் அவர் உயிரோடு கிடைத்தார். அவர் போனதற்கு விளையாட்டு காரணமே இல்லை. மன அழுத்தத்தோடு தனியாகப் போராடிய பையன் அவர். அடுத்த வருஷம் தற்கொலை செய்துகொண்டார். ஆனா ஊர் ஞாபகம் வச்சுக்கிட்டது ஊகத்தை மட்டும்தான். 1981-ல் அதே மாதிரி கதையோடு 'மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' நாவல் வந்தது. 1982-ல் அதை டிவி படமாக எடுத்தார்கள். அதில் நடித்த இளைஞர், டாம் ஹாங்க்ஸ்.

1982-ல் பாட்ரிசியா புல்லிங் என்ற தாய் தன் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். விளையாட்டுதான் காரணம் என்று நம்பி, 1983-ல் அதற்கு எதிராக ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1985-ல் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி வரை விவகாரம் போனது. அந்த அம்மாவோட துக்கம் நிஜம். குற்றச்சாட்டுக்குத்தான் ஆதாரம் இல்லை. விளையாட்டு எழுத்தாளர் மைக்கேல் ஸ்டாக்போல் அந்த வாதங்களை ஒவ்வொண்ணா எடுத்துச் சரிபார்த்து, 1990-ல் மறுத்து எழுதினார்.

அதுக்குள்ள டி.எஸ்.ஆர். தன் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தது. தன் வெளியீடுகளில் தீமையைக் கவர்ச்சியாகக் காட்டக்கூடாது என்று எழுத்தாளர்களுக்கு ஒரு நெறிமுறை வைத்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அசாசின் இல்லை. ஆட்டக்காரர்கள் எடுக்கக்கூடிய இனங்களில் ஹாஃப்-ஓர்க் இல்லை. பேய் பிசாசுகளுக்குக்கூட தனாரி, பாட்டெஸு என்று புதுப் பேர் வச்சாங்க.

சரி, மேஜையில் முதுகில் குத்தறது நின்னுச்சா? நிக்கல. ஈவில்னு எழுத முடியாதவங்க கயாட்டிக் நியூட்ரல்னு எழுதிட்டு அதே வேலையைப் பண்ணாங்க. பேரை மாத்தினா பக் சரியாகுமா?

கேள்வியைத் திருப்பிப் போட்டவங்க

இதே காலத்தில் வேற சில விளையாட்டுகள் விஷயத்தை வேற மாதிரி யோசிச்சது. 1984-ல் வந்த 'பாரனோயா'வில் துரோகம்தான் ஆட்டமே. பைத்தியம் பிடித்த ஒரு கம்ப்யூட்டர் ஆளும் நகரம். எல்லாரும் எல்லாரையும் காட்டிக் கொடுக்கணும். அதனால ஒவ்வொரு கேரக்டருக்கும் ஆறு குளோன். ஒருத்தர் செத்தா அடுத்தவர் வந்துடுவார். முதுகில் குத்து வாங்கியவரும் சிரிப்பார், ஏன்னா ஆட்டத்துக்கு உட்காரும்போதே இதுக்குத்தான் வந்தோம்னு எல்லாருக்கும் தெரியும்.

1991-ல் மார்க் ரைன்-ஹேகன் உருவாக்கிய 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' இன்னும் ஆழமாப் போச்சு. இங்கே எல்லாருமே ரத்தம் குடிக்கிறவங்க. ஆனா கேரக்டர் தாளில் மனிதத்தன்மைக்கு ஒரு எண் இருக்கும். கொடுமை செய்யச் செய்ய அது குறையும். பூஜ்யத்தைத் தொட்டா கேரக்டர் உங்க கையை விட்டுப் போயிடும், கதையை நடத்துறவர் எடுத்துக்குவார். டி.எஸ்.ஆர். மாதிரி "கெட்டவனா ஆடாதே"ன்னு இந்த விளையாட்டு சொல்லல. "ஆடு, அதுக்கு என்ன விலை கொடுப்பேன்னு பாரு"ன்னு சொல்லுச்சு.

கும்பலுக்குன்னு ஒரு தாள்

எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்வு 2017-ல் வந்தது. ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்'. எல்லாரும் திருடர்கள், கடத்தல்காரர்கள், கூலிக் கொலைகாரர்கள். ஆளுக்கொரு கேரக்டர் தாள் வழக்கம் போல உண்டு. அதோட கும்பலுக்குன்னு பொதுவா ஒரு தாளும் உண்டு. எந்தத் தொழில் செய்யும் கும்பல், எந்தத் தெரு நம்ம கையில், போலீஸ் பார்வை எவ்வளவு சூடா நம்ம மேல இருக்கு, எல்லாம் அதில் ஏறும். ஒருத்தர் தேவையில்லாம ஒரு கொலை பண்ணா, சூடு ஏறுவது மொத்தக் கும்பலுக்கும். கும்பல் வளர்ந்தா எல்லாருக்கும் லாபம். தீமை இங்கே மறுபடியும் ஒரு அணியின் விஷயமா ஆயிடுச்சு. 1971-ல் கிளம்பின இடத்துக்கே ஒரு சுத்து சுத்தி வந்தாச்சு.

இன்னொரு பக்கம், கேரக்டர்களைத் தாண்டி ஆடற மனுஷங்களைப் பத்தியும் பேச்சு வந்தது. எல்லாரும் வில்லன் என்றால் சித்திரவதை, அடிமை வியாபாரம், குழந்தைகளுக்குக் கொடுமை எல்லாம் கதைக்குள் வரலாம். மேஜையில் யாருக்கு எது நிஜ வலின்னு மத்தவங்களுக்குத் தெரியாது. 2000-களின் தொடக்கத்தில் ரான் எட்வர்ட்ஸ் கோடு, திரை என்ற இரண்டு சொற்களைக் கொண்டுவந்தார். கோடு என்றால் அது நம்ம கதையில் வரவே வராது. திரை என்றால் நடக்கும், ஆனா காட்சியா விவரிக்க மாட்டோம். பிறகு ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டு வந்தது. மேஜை நடுவில் ஒரு அட்டை. யாராவது அதைத் தொட்டா அந்தக் காட்சியை அப்படியே விட்டுட்டு நகர்ந்துடணும், ஏன்னு விளக்கம் கேட்கக்கூடாது. ஆட்டம் தொடங்கும் முன் இதையெல்லாம் பேசி முடிக்கும் சந்திப்புக்கு செஷன் ஜீரோன்னு பேர். 2020-ல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' மூலமா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே அதை அதிகாரப்பூர்வமா விளக்கியது.

இந்த ஐம்பது வருஷத்திலிருந்து நான் எடுத்துக்கிறது இதுதான்: வில்லன் கேம்பெயினுக்கு, ஹீரோ கேம்பெயினைவிட அதிக நம்பிக்கை தேவை. ஹீரோ கதையில் "நாம ஒருத்தரை ஒருத்தர் கைவிட மாட்டோம்" என்பது பேசாமலே புரியும், கதை வகையே அதைக் கொடுத்துடும். வில்லன் கதையில் அதை நீங்களே பேசி உருவாக்கணும். தடை போட்டாலும் அது வராது. "சும்மா ஆட்டம்தானே"ன்னு தள்ளிவிட்டாலும் வராது.

அதனால உங்க குரூப்பில் யாராவது "வில்லனா ஆடலாமா"ன்னு கேட்டா, தாராளமா ஆடுங்க. பகடையை எடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்கு மட்டும் சேர்ந்து பதில் எழுதுங்க. இந்தக் கெட்டவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் ஏன் தேவை? துரோகம் இந்த ஆட்டத்தில் உண்டா, இல்லையா? எந்தக் காட்சி நம்ம மேஜைக்கு வேண்டவே வேண்டாம்?

அதுக்கப்புறமும் யாராவது "என் கேரக்டர் அப்படித்தான் பண்ணுவான்"னு ஆரம்பிச்சா, சண்டை போடாதீங்க. அந்தக் கேரக்டரை எழுதினது யாருன்னு மட்டும் கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.