புதுமுக மாணவர் வரவேற்பு: அமெரிக்கக் கல்லூரி ஒய்.எம்.சி.ஏ. பணி

கல்லூரியில் புதிதாகச் சேர வரும் மாணவர்களை எதிர்கொண்டு அழைத்து, தங்க இடமும் பகுதிநேர வேலையும் பழகுவதற்கு ஆட்களும் தேடித்தந்து, அந்த உறவின் வழியே அவர்களைக் கிறிஸ்தவ வாழ்வுக்குள் கொண்டுவர ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறிஸ்தவ சங்கம்) சார்ந்த அமெரிக்க மாணவர் சங்கங்கள் மேற்கொண்ட பணி. 1880களிலிருந்து முதல் உலகப் போர்க்காலம் வரை இது செழித்திருந்தது. இன்று கல்லூரி நிர்வாகங்களே நடத்தும் அறிமுக வாரத்தின் பல கூறுகளை முதலில் செய்துபார்த்தவர்கள் இச்சங்கத்தினர்.

தோற்றம்

ஒய்.எம்.சி.ஏ. 1844இல் லண்டனில் தொடங்கியது. அதைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு துணிக்கடைப் பணியாளர். நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்து நகரத்தில் தனித்துவிடப்பட்ட இளைஞர்களே அவருடைய கவலை. 1851இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்த இயக்கம் ஏழாண்டுகளில் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. முதல் மாணவர் கிளை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வர்ஜீனியா, மிச்சிகன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் 1858ஆம் ஆண்டைக் காட்டி அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே தொடங்கியிருக்கலாம். மாணவர்கள் தாமாகக் கூடி நடத்திய சமயக் குழுக்கள் அதற்கு முன்பே இருந்தன. பிரின்ஸ்டனின் ஃபிலடெல்ஃபியன் சங்கம் 1825இல் தோன்றியது. மாணவியருக்கான முதல் ஒய்.டபிள்யூ.சி.ஏ. கிளை 1873இல் இலினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் அமைந்தது.

சிதறிக்கிடந்த கிளைகள் 1877இல் லூயிவில் மாநாட்டில் ஒன்றிணைந்தன. பிரின்ஸ்டனில் படித்த லூதர் விஷார்ட் அவற்றின் முதல் பொதுச் செயலரானார். 1886 கோடையில் மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹெர்மனில் 251 மாணவர்கள் கூடினர். அவர்களில் நூறு பேர் அயல்நாட்டு மிஷனரிப் பணிக்குப் பெயர் கொடுத்தனர். அந்த நூறு பேரில் ஜான் மாட் ஒருவர். அயோவாவின் ஒரு சிறிய கல்லூரியை விட்டு முந்தைய ஆண்டுதான் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறி வந்திருந்தவர் அவர். பழக்கமில்லாத வளாகத்தில் புதியவனாக நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1888இல் அவர் மாணவர் பணியின் செயலராகப் பொறுப்பேற்ற பிறகு கிளைகளின் எண்ணிக்கையும் ஒழுங்கும் வேகமாக வளர்ந்தன.

செப்டம்பர் பணி

சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் மாணவர் இதழ்களும் கையேடுகளும் ஏராளமாகக் கிடைப்பதால் 1880–1915 காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல முடிகிறது. கல்லூரி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போதே சங்க உறுப்பினர்கள் விடுமுறையை முடித்துக்கொண்டு வளாகத்துக்குத் திரும்பினார்கள். சட்டையில் அடையாள நாடா குத்திய இருவர் மூவர் ஒவ்வொரு ரயிலுக்கும் நிலையத்தில் காத்திருந்தனர். பெட்டியும் கையுமாக இறங்கி விழிக்கும் இளைஞனிடம் போய்ப் பெயரைக் கேட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, சங்க அலுவலகத்துக்கு அழைத்துவந்தார்கள். அன்றைய கல்லூரிகள் பலவற்றில் எல்லாருக்கும் போதுமான விடுதி இல்லை. மாணவர்கள் ஊருக்குள் வாடகை அறைகளில்தான் தங்கவேண்டியிருந்தது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் அறை இருக்கிறது, சாப்பாட்டோடு வாடகை எவ்வளவு என்பதைச் சங்கத்தார் முன்கூட்டியே வீடுவீடாகப் போய் விசாரித்துப் பட்டியலிட்டிருந்தனர்.

வேலை தேடித்தரும் மேசை பக்கத்திலேயே இருந்தது. விருந்து மேசையில் பரிமாறுவது, புல் வெட்டுவது, குளிர்காலத்தில் வீட்டுக் கணப்புக்கு நிலக்கரி போடுவது போன்ற சில்லறை வேலைகள் அங்கே கிடைத்தன. விவசாயிகளின் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருமளவில் கல்லூரிக்கு வந்த காலம் அது. ஜெபக்கூட்டத்துக்கு ஒருநாளும் வராத பலருக்குப் படிப்பைத் தொடர இந்த மேசையே வழிசெய்தது. சங்க வரலாறுகள் பிரசங்கங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது இதற்கும் ஒதுக்கியிருக்கலாம்.

புதியவருக்கு இலவசமாகத் தரப்பட்ட கையேடு தனியாகக் குறிப்பிடத் தக்கது. மாணவர் பேச்சில் அதற்குப் 'புதுமுக மாணவர் பைபிள்' என்று பெயர். சட்டைப் பையில் அடங்கும் சிறு நூல் அது. அட்டை பெரும்பாலும் தோல் அல்லது தோல்போன்ற துணி. கல்வியாண்டு நாட்காட்டி, வளாக வரைபடம், ஊரிலுள்ள தேவாலயங்களின் ஆராதனை நேரம், நூலக விதிகள், கால்பந்துப் போட்டிகளின் முந்தைய முடிவுகள், மைதானத்தில் சேர்ந்து எழுப்பவேண்டிய ஆரவாரக் கூச்சல்கள் எல்லாம் அதில் இருக்கும். முதலாண்டு மாணவர் எந்தத் தொப்பி அணியவேண்டும், எந்தப் புல்வெளியை மிதிக்கக் கூடாது என்ற மூத்தவர்களின் கட்டளைகளும் பல கையேடுகளில் அச்சாகின. ஊர்த் தையற்காரர், புத்தகக்கடைக்காரர், புகைப்படக்காரர் ஆகியோரின் விளம்பரங்கள் அச்சுச் செலவை ஈடுகட்டின. கடைசியில் பாட அட்டவணைக்கும் குறிப்புகளுக்கும் வெற்றுப் பக்கங்கள். கல்லூரி ஆவணக் காப்பகங்களில் இன்று கிடைக்கும் பிரதிகள் சிலவற்றில் அந்தப் பக்கங்கள் பென்சில் எழுத்தால் நிரம்பியிருக்கின்றன: சலவைக் கணக்கு, தர வேண்டிய கடன், தேர்வு நாள். எந்த ஆண்டறிக்கையும் தராத நெருக்கத்தில் அவை அக்கால மாணவனைக் காட்டுகின்றன.

முதல் வாரத்தில் வரவேற்பு மாலை நடைபெற்றது. கல்லூரித் தலைவரும் பேராசிரியர்களும் வாசலில் நின்று கைகுலுக்கினர். ஐஸ்கிரீமோ ஆப்பிள் சாறோ பரிமாறப்பட்டது. பாட்டும் சிறு உரைகளும் தொடர்ந்தன. வேதபாட வகுப்பில் சேர்வதற்கான சீட்டுகள் அங்கேயே நிரப்பப்பட்டன. இரண்டாமாண்டு மாணவர்கள் முதலாண்டு மாணவர்களைத் துரத்திப் பிடித்து மல்லுக்கட்டுவது அக்காலக் கல்லூரிகளின் வழக்கம். நம் கல்லூரிகளில் ராகிங் எனப்படும் கொடுமையைப் போன்றது இது. சங்கத்தின் மாலை அதற்கு மாற்றாக அமைந்தது என்று செயலர்கள் எழுதினர். ஆயினும் அதே கையேடு தொப்பிக் கட்டளைகளையும் அச்சிட்டதால் அந்த எதிர்ப்பு எவ்வளவு உறுதியானது என்பதில் ஐயம் இருக்கிறது. பெண்கள் சங்கங்களில் மூத்த மாணவி ஒருத்தி புதியவளுக்கு அக்காவாகப் பொறுப்பேற்று, கல்லூரி திறக்கும் முன்பே கடிதம் எழுதும் வழக்கம் பரவியது.

வரம்புகள்

ரயில் நிலையத்தில் எவருக்கும் வரவேற்பு கிடைத்தாலும் சங்கத்தில் வாக்குரிமையும் பதவியும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1869இல் போர்ட்லண்ட் மாநாடு வகுத்த விதிப்படி முழு உறுப்பினராக இவாஞ்சலிக்கல் திருச்சபைகளைச் சேர்ந்தவர்களால் மட்டுமே முடிந்தது. கத்தோலிக்கரும் யூதரும் யூனிட்டேரியன்களும் வெளியே நின்றனர். கத்தோலிக்க மாணவருக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1893இல் நியூமன் கழகம் தொடங்கப்பட்டது. கறுப்பினக் கல்லூரிகளின் சங்கங்கள் தனிப்பிரிவாகவே நடத்தப்பட்டன. அவற்றை 1890களிலிருந்து வளர்த்தவர் வில்லியம் ஹன்ட்டன்.

அயல்நாட்டு மாணவர்

சீனா, ஜப்பான், இந்தியா, பிலிப்பைன்ஸ் மாணவர்கள் பெருகியபோது ரயில் நிலையப் பணி துறைமுகங்களுக்கும் நீண்டது. ஜான் மாட்டின் முயற்சியால் 1911இல் அமைந்த நட்புறவுக் குழு, கப்பலில் வந்திறங்கும் மாணவர்களைச் சந்தித்து அவர்கள் சேரவேண்டிய கல்லூரிக்கு அனுப்பிவைத்தது. நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக இருந்த ஹாரி எட்மண்ட்ஸ் பற்றிய நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுகிறது. 1909இல் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்கு அவர் காலை வணக்கம் சொன்னார். அதற்கு அந்த மாணவர், நியூயார்க் வந்த மூன்று வாரத்தில் தன்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான் என்றாராம். எட்மண்ட்ஸே பிற்காலத்தில் சொன்னதன் வழியாக வந்த செய்தி இது. சொற்கள் அப்படியே இருந்தனவா என்று உறுதிசெய்ய வேறு சான்று இல்லை. அதன் விளைவு மட்டும் உறுதியானது. எட்மண்ட்ஸ் தம்பதியர் அயல்நாட்டு மாணவர்களை ஞாயிறு மாலை விருந்துக்கு அழைக்கத் தொடங்கினர். அது வளர்ந்து, ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நன்கொடையில் 1924இல் சர்வதேச இல்லமாகத் திறக்கப்பட்டது.

தமிழர் தொடர்பு

வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் அமெரிக்க ஆசிரியர் ஃபிராங்க் சாண்டர்ஸ் 1884இல் தொடங்கிய கிளை, ஆசியாவின் முதல் மாணவர் ஒய்.எம்.சி.ஏ. எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1890இல் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. சார்பில் டேவிட் மெக்கானகி சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1896இல் வந்த ஷெர்வுட் எடி தமிழ் கற்று மாணவரிடையே பணிசெய்தார். பின்னாளில் தோர்ணக்கல் பேராயரான வே.ச. அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலர், எடியின் நெருங்கிய நண்பர்.

பிற்காலம்

1923இல் மெய்ன் பல்கலைக்கழகம் புதுமுக வாரத்தைத் தானே ஏற்று நடத்தியது. பிற பல்கலைக்கழகங்களும் அந்த வழியில் சென்றன. அறைப் பட்டியலும் வேலை மேசையும் கையேடும் ஒவ்வொன்றாக நிர்வாகத்தின் கைக்கும் மாணவர் பேரவையின் கைக்கும் மாறின. சங்கங்கள் தேய்ந்ததற்கு இதுவே காரணம் என்பர் சிலர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய சமயச் சோர்வைச் சுட்டுவர் வேறு சிலர். பழைய மரபில் வந்த மாணவர் அமைப்புகள் 1966இல் பல்கலைக்கழகக் கிறிஸ்தவ இயக்கமாக உருமாறின. அது 1969இல் கலைக்கப்பட்டது.

வரவேற்புப் பணி புதிய கைகளுக்குப் போனது. இன்டர்வார்சிட்டி 1941இலும், பில் பிரைட், வோனெட் பிரைட் தம்பதியர் தொடங்கிய கேம்பஸ் குருசேட் 1951இலும் கிறிஸ்தவ மாணவர் அமைப்புகளாகத் தோன்றின. கல்லூரி திறக்கும் முதல் வாரங்களே இவ்வமைப்புகளுக்கும் ஆண்டின் முக்கியக் காலம். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், குழுத் தலைமைப் பதவிகள் எந்த நம்பிக்கை உடையவருக்கும் திறந்திருக்கவேண்டும் என்று விதித்தபோது, அதை ஏற்காத இன்டர்வார்சிட்டி கிளைகள் 2014இல் அங்கீகாரம் இழந்தன. இலவச அரங்குகளோடு புதுமுக மாணவர் சந்தையில் மேசை போடும் உரிமையும் பறிபோனது. தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து உடன்பாடு ஏற்பட்டு 2015இல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.