விவேக இயற்கணிதம்

விவேக இயற்கணிதம் என்பது விளைவு உறுதியாகத் தெரியாத நிலையில் தனிமனிதர் ஒருவர் முடிவெடுப்பதற்குப் பயன்படும் ஓர் எளிய முறை ஆகும். ஒரு செயலுக்குச் சாதகமான காரணங்களையும் பாதகமான காரணங்களையும் ஒரு தாளின் இரு பக்கங்களில் எழுதி, அவற்றின் முக்கியத்துவத்தை ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று ஈடானவற்றை நீக்கி, எஞ்சுவதைக் கொண்டு முடிவு காண்பது இதன் அடிப்படை. அமெரிக்க அறிஞரும் அரசியலாளருமான பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) 1772 ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில் இம்முறையை விளக்கி, அதற்கு இப்பெயரை இட்டார். இன்று பலரும் கையாளும் நன்மை தீமைப் பட்டியலின் முன்னோடியாக இது கருதப்படுகிறது.

பின்னணி

ஆங்கிலேய வேதியியலாளரான ஜோசப் பிரீஸ்ட்லி (1733–1804) 1767 முதல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிறித்தவ சமயப் போதகராகப் பணியாற்றி வந்தார். அப்பணிக்கு ஆண்டுக்கு 100 கினி ஊதியமும் ஒரு வீடும் வழங்கப்பட்டன. மனைவியும் மூன்று குழந்தைகளும் கொண்ட குடும்பத்திற்கு அது போதவில்லை. இந்நிலையில், ஷெல்பர்ன் பிரபு தம்மிடம் நூலகராகவும் அறிவுத்துணையாகவும் பணியாற்ற அவரை அழைத்தார். ஆண்டுக்கு 250 பவுண்டு ஊதியம், குடியிருக்க வீடு, பிற்காலத்தில் பிரிய நேர்ந்தாலும் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 150 பவுண்டு ஆகியவை அவருக்குக் கிடைக்க இருந்தன.

வருவாய் இரு மடங்குக்கு மேல் உயரும் எனினும், பிரபு ஒருவரைச் சார்ந்து வாழ்வதால் தமது சுதந்திரம் குறையுமோ என்று பிரீஸ்ட்லி தயங்கினார். அவர் அப்போது இலண்டனில் இருந்த தம் நண்பர் பிராங்கிளினிடம் ஆலோசனை கேட்டார். பிராங்கிளின் செப்டம்பர் 19, 1772 அன்று மறுமொழி எழுதினார். போதிய விவரங்கள் தம்மிடம் இல்லாததால் என்ன முடிவெடுப்பது என்று கூற இயலாது எனவும், எவ்வாறு முடிவெடுப்பது என்பதை மட்டும் கூற முடியும் எனவும் அதில் குறிப்பிட்டார்.

முறை

கடினமான முடிவுகள் கடினமாக இருப்பதற்கு, எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் மனத்தில் நில்லாமையே காரணம் என்பது பிராங்கிளினின் கருத்து. ஒரு சமயம் ஒரு சில காரணங்களும் மறு சமயம் வேறு சிலவும் முன்னிற்பதால் மனம் மாறி மாறி ஊசலாடுகிறது. இதைத் தவிர்க்க அவர் கூறிய படிகள் வருமாறு:

1. தாளின் நடுவே கோடு வரைந்து, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் என்று தலைப்பிடுதல்.
2. மூன்று நான்கு நாட்கள், அவ்வப்போது தோன்றும் காரணங்களைச் சுருக்கமாகக் குறித்து வருதல்.
3. ஒவ்வொரு காரணத்தின் எடையையும் மதிப்பிடுதல்.
4. இரு பக்கங்களிலும் ஈடானவற்றை அடித்துவிடுதல். ஒரு சாதகம் இரண்டு பாதகங்களுக்கு ஈடாயின் மூன்றையும், இரண்டு பாதகங்கள் மூன்று சாதகங்களுக்கு ஈடாயின் ஐந்தையும் நீக்கலாம்.
5. எஞ்சும் பக்கத்தைக் கண்டபின், மேலும் ஓரிரு நாட்கள் சிந்தித்து, முக்கியமானது எதுவும் புதிதாகத் தோன்றாவிடில் அதன்படி முடிவு செய்தல்.

காரணங்களின் எடையை எண்களைப் போலத் துல்லியமாக அளக்க முடியாது என்பதைப் பிராங்கிளினும் ஒப்புக்கொண்டார். எனினும் அனைத்தும் கண்முன் இருக்கும்போது அவசர முடிவுக்கான வாய்ப்பு குறைகிறது என்றார்.

எடுத்துக்காட்டு

பட்டதாரி ஒருவருக்கு வேற்று மாநிலத்தில் வேலை கிடைத்துள்ளது எனக் கொள்வோம். நல்ல ஊதியம், துறை அனுபவம், தங்குமிட வசதி ஆகியன சாதகங்கள். முதிய பெற்றோரைப் பிரிதல், மேற்படிப்பு தள்ளிப்போதல், மொழி தெரியாத ஊர் ஆகியன பாதகங்கள். துறை அனுபவம் என்ற ஒன்று, மேற்படிப்பு, மொழி ஆகிய இரண்டுக்கும் ஈடு என அவர் கருதினால் அம்மூன்றும் நீங்கும். ஒரு பக்கம் ஊதியமும் தங்குமிடமும், மறுபக்கம் பெற்றோரைப் பிரிதலும் எஞ்சும். இவற்றுள் எது கனமானது என்பதைத் தாள் கூறாது. அவரே கூற வேண்டும். ஆகவே ஒரே பட்டியலைக் கொண்டு இருவர் வெவ்வேறு முடிவுக்கு வரக்கூடும். எனினும் ஆறு காரணங்களுக்கிடையே இருந்த குழப்பம் இங்கு ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

பிரீஸ்ட்லியின் முடிவும் விளைவும்

பிரீஸ்ட்லி அழைப்பை ஏற்று, 1773 ஆம் ஆண்டில் வில்ட்சயரிலுள்ள கான் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். புதிய பணியில் ஆய்வுகளுக்குப் போதிய ஓய்வு கிடைத்தது. ஆகஸ்ட் 1, 1774 அன்று, குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து இரசத்தின் செந்நிற ஆக்சைடைச் சூடாக்கி, பின்னர் ஆக்சிசன் என்று பெயர் பெற்ற வளிமத்தைப் பிரித்தெடுத்தார். முடிவெடுத்த காலத்தில் இதை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

1780 ஆம் ஆண்டில் இருவரும் பிரிந்தனர். ஆனால் முன்னர் ஒப்புக்கொண்டபடி 150 பவுண்டு உதவித்தொகை அவருக்குத் தொடர்ந்து வழங்கப்பட்டது. பிரிவு நேரக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே கருதியிருந்ததால், அது நேர்ந்தபோது குடும்பம் நிலைகுலையவில்லை.

சார்லஸ் டார்வினின் பட்டியல்

இயற்கையியலாளர் சார்லஸ் டார்வினும் 1838 ஆம் ஆண்டில் இதையொத்த பட்டியல் ஒன்றை எழுதினார். திருமணம் செய்வதா, வேண்டாமா என்பது அவரது கேள்வி. குழந்தைகள், முதுமையில் துணை ஆகியவற்றை ஒருபுறமும், நேர இழப்பு, நூல்கள் வாங்கப் பணம் குறைதல், விரும்பிய இடத்திற்குச் செல்லும் சுதந்திரம் இழத்தல் ஆகியவற்றை மறுபுறமும் குறித்தார். திருமணமே தக்கது என்று முடிவு செய்து, சனவரி 29, 1839 அன்று எம்மா வெட்ஜ்வுட் என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தனர்.

திறனாய்வு

இம்முறை நிகழ்தகவை வெளிப்படையாகக் கணக்கில் கொள்வதில்லை. பெரியதாயினும் நிகழ வாய்ப்புக் குறைந்த ஒரு தீமையும், சிறியதாயினும் நிச்சயமான ஒரு தீமையும் பட்டியலில் ஒரே வரியாகவே தோன்றும். ஒரே காரணத்தை வெவ்வேறு சொற்களில் இருமுறை எழுதிவிடுவதும் உண்டு.

பொருளியலாளர் பிராங்க் நைட் 1921 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நிகழ்தகவைக் கணக்கிடக்கூடிய நிலையை இடர் என்றும், கணக்கிட முடியாத நிலையை உறுதியின்மை என்றும் வேறுபடுத்தினார். வேலை, திருமணம், குடிபெயர்வு போன்ற தனிவாழ்க்கை முடிவுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இத்தகைய நிலையில் மனிதர் மிகச் சிறந்ததைத் தேடாமல், போதுமான அளவு நல்லதை ஏற்று அமைகின்றனர் என ஏர்பர்ட் சைமன் விளக்கினார். இவர் 1978 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

காரணங்களை எழுதுவது எப்போதும் நன்மை தருவதில்லை. உளவியலாளர்கள் டிமோதி வில்சன், ஜொனாதன் ஸ்கூலர் ஆகியோர் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பழக்கூழ் வகைகளைச் சுவைத்து, விருப்பத்திற்கான காரணங்களை ஆராய்ந்த மாணவர்களின் மதிப்பீடு, ஆராயாதவர்களின் மதிப்பீட்டை விட வல்லுநர்களின் மதிப்பீட்டிலிருந்து மிகுதியாக விலகியிருந்தது. சுவை போன்றவற்றில் சொல்ல எளிதான காரணம் உண்மையான காரணத்தை மறைத்துவிடக்கூடும்.

முடிவும் விளைவும் வேறு

நல்ல விளைவைக் கொண்டு முடிவு நல்லது என்றும், தீய விளைவைக் கொண்டு முடிவு தவறு என்றும் கருதுவது விளைவுச் சார்பு எனப்படும். ஜொனாதன் பாரன், ஜான் ஹெர்ஷி ஆகியோர் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே முடிவை விளைவு நன்றாக இருந்தபோது மக்கள் உயர்வாகவும், தீதாக இருந்தபோது தாழ்வாகவும் மதிப்பிட்டது தெரியவந்தது. பிரீஸ்ட்லி ஆக்சிசனைக் காணாது போயிருந்தாலும், 1772 இல் அவர் அறிந்திருந்தவற்றைக் கொண்டு நோக்கின் அவரது முடிவின் தரம் மாறாது. விளைவைப் பற்றி உறுதி கொள்ள இயலாதபோதும், அறியக்கூடியவை அனைத்தையும் எண்ணிப் பார்த்தோம் என்ற உறுதி இயலும். விவேக இயற்கணிதம் தரக்கூடிய தன்னம்பிக்கை இத்தகையதே.

இவற்றையும் பார்க்கவும்

முடிவெடுத்தல்
நிகழ்தகவு
பெஞ்சமின் பிராங்கிளின்
ஜோசப் பிரீஸ்ட்லி
தெரிந்துசெயல்வகை (திருக்குறள் அதிகாரம்)