பழைய கிரிக்கெட் கார்டுக்கு போனஸ் பணத்தைக் கொடுக்கலாமா? முழு விளக்கம்

கொண்டாப்பூரில் பிளாட்டில் இருக்கிறீங்க, கையில் போனஸ் வந்திருக்கு. ஆபீஸ் நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார்: ரஞ்சித்சிங்ஜி படம் போட்ட, 100 வருஷத்துக்கும் மேல் பழைய சிகரெட் கார்டு. "60,000 ரூபாய்தான். அடுத்த வருஷம் டபுள் ஆகும்" என்கிறார். பணம் அனுப்பும் முன் இதைப் படிச்சிடுங்க.

சிகரெட் பெட்டியில் கிரிக்கெட் வீரரா?

ஆமாம். பெட்டி நசுங்காமல் இருக்க வைத்த அட்டையில் படம் அச்சிட்டு, அதையே விளம்பரமாக்கின சிகரெட் கம்பெனிகள். பிரிட்டனின் வில்ஸ் நிறுவனம் 1896-ல் 50 கிரிக்கெட் வீரர்களின் கார்டுகளை வெளியிட்டது. ரஞ்சி இங்கிலாந்து அணிக்காக முதல் டெஸ்ட் ஆடி 62, ஆட்டமிழக்காமல் 154 என அடித்ததும் அதே வருஷம்தான். அந்தக் காலத்து சிகரெட் கார்டுகளில் அவரும் இடம்பிடித்தார். இரண்டாம் உலகப் போர் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டனில் இந்தக் கார்டுகள் நின்றுபோயின.

பழசு என்றாலே விலை உண்டா?

இல்லை. எத்தனை மிஞ்சியிருக்கு, எத்தனை பேருக்கு வேணும், எந்த நிலையில் இருக்கு - இந்த மூன்றும்தான் விலை. அமெரிக்க பேஸ்பால் கார்டுகளைப் பாருங்க. 1909-11-ல் வந்த 524 கார்டு வரிசையில், ஹோனஸ் வாக்னர் கார்டு மட்டும் சுமார் 60-தான் மிஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. அதே ஆண்டு, 1952-ல் அச்சான மிக்கி மேண்டில் கார்டு 1.26 கோடி டாலருக்குப் போனது; அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். இத்தனைக்கும் அந்த வரிசையில் விற்காமல் தேங்கியதை 1960-ல் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர் சொல்லியிருக்கிறார்.

எதிர் உதாரணமும் உண்டு. 1980-களின் கடைசியிலும் 90-களிலும் அளவுக்கு மீறி அச்சடித்த பேஸ்பால் கார்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று சீந்த ஆளில்லை.

சான்றிதழ் இருந்தால் போதுமா?

போதாது. கார்டுகளை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் மதிப்பிட்டதே ஒரு வாக்னர் கார்டைத்தான்; கொடுத்த தரம் 8. ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு பங்குதாரருடன் சேர்ந்து 1991-ல் 4.51 லட்சம் டாலருக்கு வாங்கிய கார்டு அது. அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதாக, முன்பு அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.

அப்போ எதைப் பார்க்கணும்?

- அச்சு: பூதக்கண்ணாடி வையுங்க. இன்றைய அச்சில் நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரியும். பழைய கல்லச்சில் அப்படி இருக்காது. பழைய வரிசைகளுக்கு மறுபதிப்புகள் நிறைய உண்டு.
- அளவு: அசல் கார்டின் அளவோடு ஒப்பிடுங்க. குறைந்தால் வெட்டப்பட்டிருக்கலாம்.
- எண்: தரச் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே சரிபாருங்க. அங்கே படம் இருந்தால் கையில் உள்ள கார்டோடு ஒப்பிடுங்க.
- விலை: "கேட்கும் விலை" வேறு, "விற்ற விலை" வேறு. ஏலத்தில் உண்மையில் விற்ற விலையை மட்டும் கணக்கில் எடுங்க.

வீட்டில் இருக்கும் டிரம்ப் கார்டு?

90-களில் விளையாடிய டிரம்ப் கார்டு, ரன்னும் விக்கெட்டும் சேர்த்த பிக் ஃபன் பபுள்கம் கார்டு ஊரில் பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீங்க. ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் உறையில் வையுங்க. ரப்பர் பேண்ட் ஓரத்தை அறுக்கும், கறையும் விடும். ஆனால் அதை நம்பி இ.எம்.ஐ. போட்டுடாதீங்க.

நண்பருக்கு என்ன பதில்? கார்டை நேரில் பார்க்கணும், சான்று எண் வேணும், கடைசியா விற்ற விலைக்கு ஆதாரம் வேணும்னு கேளுங்க. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் போனஸ் உங்க அக்கவுண்டிலேயே இருக்கட்டும்.