சான்றிதழுக்கு முன்பே வர வேண்டிய உதவி: தமிழ்வழித் தொடக்க வகுப்புகளும் வாசிப்புக் குறைபாடும்

முன்னுரை

கற்றல் குறைபாடு உடைய மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சில சலுகைகள் உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை அம்மாணவர்களின் உரிமை. ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் எழுத்துக்கூட்ட முடியாமல் தவித்த குழந்தைக்கு ஆறு வயதில் கிடைக்காத உதவி, பதினைந்து வயதில் தேர்வுக்கூடத்தில் கிடைத்துவிட்டால் உள்ளடங்கிய கல்வி நிறைவேறிவிட்டது என்று கொள்ள முடியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் குழந்தை இழந்தவை ஏராளம்.

கற்றல் குறைபாட்டின் ஒரு வகையான வாசிப்புக் குறைபாட்டுக்கான உதவி இன்று மருத்துவச் சான்றில் தொடங்கித் தேர்வுச் சலுகையில் முடிகிறது. அது ஒன்று, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளையிலேயே, வகுப்பாசிரியரின் பொறுப்பில், தமிழ் எழுத்துமுறையின் இயல்புக்கேற்பத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு போன்றவற்றுக்கு வேறு வகையான ஏற்பாடுகள் தேவை. அவை இங்கு ஆராயப்படவில்லை.

சட்டம் சொல்வதும் நடைமுறையும்

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 21 வகைகளாக விரித்தபோதுதான் அது சட்டத்துக்குள் வந்தது. அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு, குழந்தைகளின் கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதை வெல்வதற்கான கற்பித்தல் நடவடிக்கைகளை எடுக்கும் கடமையைக் கல்வி நிறுவனங்கள்மேல் சுமத்துகிறது. கண்டறிதலும் கற்பித்தலும் அங்கே ஒரே கடமையின் இரு பகுதிகள்.

நடைமுறையில் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி, மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதில்தான் முதற்கட்டச் சோதனை நடக்கும். எட்டு வயது நிறைந்த பிறகே சான்று கிடைக்கும். பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு. சான்றுக்கு இப்படி ஒரு வயதெல்லை வைத்ததில் நியாயம் இருக்கிறது. போதிய அளவு கற்பிக்கப்படாத குழந்தையைக் குறைபாடு உள்ளவர் என்று முத்திரையிடுவது அநீதி. ஆனால் சான்றுக்கு உரிய வயதையே உதவிக்கும் உரிய வயதாக்கியதுதான் பிழை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் கூடுதல் கற்பித்தலை அளிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. இதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

தமிழ் எழுத்து வைக்கும் தடைகள்

வாசிப்புக் குறைபாடு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தை ஒட்டி வளர்ந்தது. தமிழ் படிக்கும் குழந்தை இடறும் இடங்கள் வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். இத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெய்யின் வடிவத்தோடு உயிர்க்குறி சேரும் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் போதும். வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஒழுங்குதான் எளிதில் பிடிபடுவதில்லை.

‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண் முதலில் ஒற்றைக்கொம்பைச் சந்திக்கிறது. ஆனால் வாய் முதலில் ஒலிக்க வேண்டியது அதை அடுத்து நிற்கும் ககரத்தை. ககரத்துக்குப் பின் துணைக்கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது ‘கெ’யா ‘கொ’வா என்று முடிவுசெய்ய முடியும். அடுத்த ‘க்’ இல் புள்ளியைக் கவனிக்க வேண்டும். இறுதியில் ‘கு’. உகர வரிசைக்கு ஒரே குறி கிடையாது: கு, டு, மு ஒரு வகை, சு, பு, வு இன்னொரு வகை, து, நு, று மூன்றாவது வகை. மற்ற குழந்தைகள் காலப்போக்கில் எண்ணிப் பாராமலே கடக்கும் இந்தப் படிகளை, இக்குழந்தை ஒவ்வொரு சொல்லிலும் புதிதாக ஏறுகிறது.

எழுத்து வடிவச் சுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் தனி வடிவங்களைப் பொதுவடிவத்துக்குக் கொண்டுவந்தது. உகர, ஊகார வரிசைகள் அப்படியே நின்றன. அவற்றை மாற்றக் கோருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றைக் கற்பிக்கக் கூடுதல் நேரமும் தனிப் பயிற்சியும் ஒதுக்க வேண்டும் என்பதே.

பிழையைவிடத் தாமதமே அடையாளம்

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே ஒழுங்கு மிகுந்த மொழிகளில் வாசிப்புக் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே மிகுதியும் வெளிப்படும். 2001-இல் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி மொழியினரை ஒப்பிட்ட பவுலேசு குழுவினரின் ஆய்வு, குறைபாடு உள்ளவர்களின் மூளைச் செயல்பாட்டில் ஒரே வகை வேறுபாடு இருந்தாலும் இத்தாலியர் பிழை குறைவாக வாசித்ததைக் காட்டியது. கன்னட வழிக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நடத்திய ஆய்வுகள், எழுத்துத் தொகுதி பெரியதாக உள்ள நம் மொழிகளில் அதைக் கைக்கொள்ளவே தொடக்கப்பள்ளி ஆண்டுகள் பல பிடிப்பதைப் பதிவுசெய்தன.

தமிழிலும் எழுத்தைக் கண்டால் பெரும்பாலும் ஒலியைச் சொல்லிவிடலாம். ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ ஆகியவற்றில் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும், இடம் அதைத் தீர்மானித்துவிடுகிறது. எனவே குறைபாடு உள்ள குழந்தையும் தடுமாறித் தடுமாறிச் சரியாகவே வாசித்துவிடக்கூடும். சரியா தவறா என்று மட்டும் குறிக்கும் ஆசிரியரின் பார்வையில் அக்குழந்தை தேறிவிடுகிறது. கேட்டே மனப்பாடம் செய்யும் குழந்தைகளோ புத்தகத்தை விரித்துவைத்துப் பாடத்தை ஒப்பித்துவிடுகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பத்திகள் நீளும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. அதற்குள் ‘சோம்பேறி’, ‘மக்கு’ என்ற பெயர்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு குழந்தை தன்னைப் பற்றி அப்படி நம்பத் தொடங்குவதைவிடப் பெரிய கல்வி இழப்பு வேறில்லை.

இன்னொரு தெளிவும் தேவை. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றும், ‘மறந்தான்’ என்பதை ‘மரந்தான்’ என்றும் எழுதுவது பல வட்டாரப் பேச்சுகளின் இயல்பான விளைவு. அதைக் குறைபாடாகக் கருதக் கூடாது. உயிர்க்குறியை விடுவது, புள்ளியை விடுவது, இதுவரை பார்த்திராத ‘டொமு’, ‘கெபூ’ போன்ற பொருளற்ற சேர்க்கைகளை ஒலிக்கத் திணறுவது ஆகியவை, போதிய பயிற்சிக்குப் பின்னும் நீடித்தால், கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

இத்தகைய வேறுபாடுகளைப் பிரித்தறியத் தமிழுக்கென்றே அமைந்த கருவிகள் வேண்டும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட ‘டாலி’ என்ற மதிப்பீட்டுக் கருவி முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்கே அமைந்தது. தமிழ்க் கருவிகளை வளர்த்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கைக்குக் கொண்டுசேர்ப்பது தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பும்கூட.

செய்ய வேண்டியவை

2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. இது நல்ல அடித்தளம். ஆனால் யார் பின்தங்கியிருக்கிறார் என்பதை நிலை சொல்லுமே தவிர, ஏன் என்பதைச் சொல்லாது. அடிக்கடி விடுப்பு எடுத்த குழந்தை, வீட்டில் வேறுமொழி பேசும் குழந்தை, கரும்பலகை தெரியாத குழந்தை, வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தை எல்லோரும் அரும்பிலேயே இருக்கக்கூடும். ஆகவே, இரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலும் அரும்பு நிலையைத் தாண்டாத குழந்தைகளுக்கு முதலில் பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்பட வேண்டும். அடுத்து, மேலே சொன்ன அடையாளங்களைக் கொண்ட சிறு வாசிப்புச் சோதனை. அதன் பிறகு, உயிர்க்குறி வரிசைகளை ஒவ்வொன்றாக, ஒலித்தும் எழுதியும் தொட்டும் பழகும் சிறுகுழுப் பயிற்சி நாள்தோறும் நடக்க வேண்டும்.

சிறப்புப் பயிற்றுநரின் பணியும் மாற வேண்டும். இன்று அவர்கள் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குச் சுழற்சியில் செல்கிறார்கள். வரும் நாளில் குழந்தையைத் தனியே அழைத்துப் பயிற்சி தருகிறார்கள். மற்ற நாள்களில் அப்பயிற்சி நின்றுபோகிறது. அதே நேரத்தை வகுப்பாசிரியருடன் சேர்ந்து கற்பிக்கச் செலவிட்டால், பயிற்சி எல்லா நாளும் தொடரும். இதற்குப் போதிய பணியிடங்கள் வேண்டும். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவை உள்ள பத்துத் தொடக்கநிலைக் குழந்தைகளுக்கும் பதினைந்து மேல்வகுப்பு மாணவர்களுக்கும் தலா ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தைக் குறிப்பிட்டது. 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்ட பணியாளர்களைக் கொண்டு இவ்வுரிமையை நிறைவேற்ற இயலாது.

மறுப்புகள்

இளம் வயதிலேயே அடையாளம் காண்பது முத்திரையாகிவிடும் என்பது முதல் மறுப்பு. இங்கு கோரப்படுவது பெயரிடுதல் அன்று, கற்பித்தல். தேவைப்படாத ஒரு குழந்தைக்கு இப்பயிற்சி கிடைத்துவிட்டாலும் அதன் வாசிப்பு மேம்படுமே தவிரக் கேடில்லை.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைச் சுமக்கும் ஆசிரியரால் இதைச் செய்ய முடியுமா என்பது இரண்டாவது. இதுவே வலிமையான மறுப்பு. பதிவேடுகளையும் இணையவழிப் பதிவுகளையும் அவர்மேல் ஏற்றிக்கொண்டே இதையும் கேட்பது முறையன்று. அந்தச் சுமையைக் குறைப்பதும், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களைப் போன்றோரை மாலைநேர வாசிப்புப் பயிற்சியில் ஈடுபடுத்துவதும் அரசால் இயலக்கூடியவையே.

‘வயது ஏற ஏறத் தானாகச் சரியாகிவிடும்’ என்பது மூன்றாவது. சில குழந்தைகளுக்கு அது உண்மைதான். ஆனால் யாருக்குச் சரியாகும், யாருக்கு ஆகாது என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லாதபோது, காத்திருப்பதன் விலையைக் குழந்தைதான் கொடுக்கிறது.

முடிவுரை

வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளரை நாடி மதிப்பீடும் பயிற்சியும் பெறலாம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு வகுப்பாசிரியரைத் தவிர வேறு நாதியில்லை. ஆகவே உள்ளடங்கிய கல்வியின் வெற்றியை எத்தனை பேருக்குத் தேர்வுச் சலுகை வழங்கினோம் என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எத்தனை குழந்தைகள் புதிய பத்தி ஒன்றைத் தாமாக வாசித்துப் பொருள் கொள்கிறார்கள் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அதற்கான சட்டம் இருக்கிறது. நிலைவாரிக் கற்பித்தல் திட்டம் இருக்கிறது. தமிழ் எழுத்தின் ஒழுங்கும் துணைநிற்கிறது. சிறப்புப் பயிற்றுநரை நிரந்தரப் பணியில் அமர்த்தி, இரண்டாம் வகுப்புத் தமிழாசிரியரோடு சேர்த்து நிறுத்துவதே எஞ்சியுள்ள பணி.