கவரில் வந்த சம்பளம்

உல்லாசக் கப்பலின் கடைசி இரவு எந்தக் கம்பெனிக் கப்பலானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பெட்டிகளில் டேக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். கட்டிலின் மேல் துண்டை மடித்துச் செய்த யானையோ குரங்கோ உட்கார்ந்திருக்கும். அதைச் செய்து வைத்த கேபின் ஸ்டூவர்டின் பெயர் நமக்குத் தெரியும், ஊர் தெரியும், பிள்ளைகள் எத்தனை என்பதுகூடத் தெரிந்திருக்கும். அப்போதுதான் கணவனும் மனைவியும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். “இவருக்கு எவ்வளவு கொடுக்கிறது? அதான் பில்லுலயே பிடிச்சிட்டாங்களே, தனியா வேற கொடுக்கணுமா? டிக்கெட் எடுத்துத் தந்த அந்த கான்சியர்ஜுக்கு?”

இந்தக் கேள்விக்கு முந்நூறு வயதுக்குக் குறையாது. அது கடலில் பிறந்ததும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் விருந்து முடிந்து புறப்படும்போது, வாசல் வரைக்கும் வேலைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். தொப்பியை எடுத்துத் தருபவர், கோட்டை மாட்டிவிடுபவர், கதவைத் திறப்பவர் என ஒவ்வொருவர் கையிலும் காசு வைத்தால்தான் விருந்தாளி வண்டி ஏற முடியும். இதற்கு ‘வெயில்ஸ்’ என்று பெயர். நியூகாசில் பிரபு வீட்டில் சாப்பிட்டு வந்த திமதி வால்டோ என்பவர் எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசியில் சமையல்காரரிடம் ஒரு வெள்ளி நாணயத்தை நீட்டினாராம். தான் வெள்ளி வாங்குவதில்லை என்றார் சமையல்காரர். தான் தங்கம் கொடுப்பதில்லை என்று சொல்லி நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார் வால்டோ.

இந்தக் கதையைக் கேட்டுக் கொதித்து 1760-ல் நூலே எழுதியவர் ஜோனஸ் ஹான்வே. லண்டன் தெருவில் ஆண்களும் குடை பிடிக்கலாம் என்று பிடித்துக் காட்டிய அதே ஹான்வேதான். வியாபாரியாக 1740-களில் பாரசீகம் வரை போய்வந்தவர். ‘பக்‌ஷீஷ்’ என்ற சொல் பிறந்த மண் அது. கொடுப்பது என்று பொருள்படும் பாரசீக வினையிலிருந்து கிளைத்து, துருக்கி, எகிப்து, இந்தியா என்று பரவி, நம் ஊரில் ‘பக்சிஸ்’ ஆனது. ஏழைச் சிறுவர்களைத் திரட்டிக் கடல் வேலைக்கு அனுப்பிய மரைன் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரும் ஹான்வேதான். வேலைக்காரருக்கு எசமானரே ஒழுங்கான சம்பளம் தர வேண்டும், விருந்தாளியின் கையைப் பார்த்து நிற்கவிடக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். ஆனால் பணியாளர்களுக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை. 1764-ல் லண்டன் ரானெலா பூங்காவில் இந்தக் காசை நிறுத்தும் முயற்சியை எதிர்த்துக் கலவரமே செய்தார்கள். சம்பளம் உயரும் முன்பே காசு நின்றுபோனால் அவர்கள் எங்கே போவார்கள்?

‘டிப்’ என்ற சொல் லண்டன் திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்தது. கைமாற்று, எடுத்துக் கொடு என்பது அதன் பொருள். ‘சுறுசுறுப்பை உறுதிசெய்ய’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டானது என்று சிலர் சொல்வது பின்னாளில் கட்டிய கதை. மற்ற மொழிகளில் இந்தக் காசின் பூர்விகம் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. பிரெஞ்சில் ‘பூர்புவார்’, ஜெர்மனில் ‘ட்ரிங்க்கெல்ட்’. இரண்டுமே குடிப்பதற்கான காசு. ரஷ்யர்கள் ‘டீக்கு’ என்கிறார்கள். நாமும் “டீ செலவுக்கு வெச்சுக்கோப்பா” என்றுதானே கையில் திணிக்கிறோம்.

அந்தக் காசு கப்பல் ஏறியது 1844-ல் என்று சொல்லலாம். தபால் கொண்டுபோய்க்கொண்டிருந்த பி அண்ட் ஓ கம்பெனி, ஊர் சுற்றிப் பார்க்கவும் தன் நீராவிக் கப்பல்களில் வரலாம் என்று ஆசை காட்டத் தொடங்கியது. அதை எழுதிப் பரப்ப ஓர் எழுத்தாளரை இலவசமாக அழைத்துப்போனது. அவர் கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே. கெய்ரோ வரை போய்வந்து எழுதிய நூல் 1846-ல் வந்தது. அதே கம்பெனியின் கிழக்குக் கடல் கப்பல்களில் சாப்பாட்டு அறையையும் கேபின்களையும் பல தலைமுறைகளாகக் கவனித்துக்கொண்டவர்கள் கோவாக்காரர்கள். ஏடனிலும் கொழும்பிலும் கப்பல் நின்றால் பயணிகள் எறியும் நாணயத்துக்காகச் சிறுவர்கள் தண்ணீரில் பாய்வார்கள். மேல்தளத்திலிருந்து எறிவதும் கீழே ஒருவர் மூழ்கி எடுப்பதும் வேடிக்கையாகப் பார்க்கப்பட்ட காலம். அதன் பழைய படங்களைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

1867-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. எழுத்தாளர் மார்க் ட்வைன் ‘குவேக்கர் சிட்டி’ என்ற சுற்றுலாக் கப்பலில் ஏறினார். ஓர் ஆளுக்குக் கட்டணம் 1,250 டாலர். அவரும் கூட வந்த அமெரிக்கர்களும் போன துறைமுகமெங்கும் பக்‌ஷீஷ் கேட்கும் குரல்களைக் கேட்டுத் திரும்பினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் புல்மன் கம்பெனி உருவானது. ரயிலில் தூங்கும் பெட்டி, அதில் படுக்கை விரிக்க, ஷூ துடைக்க, மூட்டை தூக்க ஒரு போர்ட்டர். அந்த வேலைக்கு அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின ஆண்களை எடுத்தார்கள். சம்பளம் சொற்பம், மீதியைப் பயணியிடம் வாங்கிக்கொள் என்பது ஏற்பாடு. 1915-ல் அமெரிக்க அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் அந்தக் கம்பெனியின் தலைவர் வந்து நின்றார். போர்ட்டரின் மாதச் சம்பளம் 27.50 டாலர் என்பதும், டிப்ஸ் கிடைப்பதால்தான் அது அவ்வளவு குறைவு என்பதும் அங்கே வெளிவந்தன. அந்தத் தலைவர் ராபர்ட் டாட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

இன்றைய உல்லாசக் கப்பலின் கேபின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் பெட்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் டிப்ஸை எதிர்க்காமலும் இல்லை. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் அதைத் தடைசெய்து சட்டம் போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் ஒரு சட்டம்கூட மிஞ்சவில்லை.

இதற்கிடையே கடலில், ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் கம்பெனி நிர்வாகி ஆல்பர்ட் பாலினுக்கு ஒரு கவலை. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்க ஆளில்லை. பெரிய கப்பல்கள் சும்மா கிடந்தன. 1891 ஜனவரியில் ‘ஆகஸ்டா விக்டோரியா’வைச் சுமார் 240 பேருடன் மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலா அனுப்பினார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஆனால் பயணம் வெற்றி பெற்றது. மற்றக் கம்பெனிகள் பார்த்துச் செய்தன. ஒரே ஸ்டூவர்ட் ஒரே குடும்பத்தை வாரக்கணக்கில் கவனிக்கும் பழக்கம் இந்தப் பயணங்களில் ஊன்றியது. கடைசி நாள் காசும் அதோடு ஊன்றியது. 1912-ல் டைட்டானிக்கில் ஒரு ஸ்டூவர்டுக்கு மாதம் மூன்று பவுண்டு பதினைந்து ஷில்லிங். மேல்வகுப்புப் பயணிகளின் டிப்ஸை நம்பித்தான் குடும்பம். கப்பல் மூழ்கிய நிமிடத்தோடு அந்தச் சம்பளமும் நிறுத்தப்பட்டது.

அடுத்த திருப்பம் ஒரு கோப்பை மதுவால் வந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தபோது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் மது ஊற்ற முடியாது. 1922-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி ‘ரிலயன்ஸ்’, ‘ரெசல்யூட்’ என்ற தன் இரண்டு கப்பல்களைப் பனாமாவில் பதிவுசெய்து கொடியை மாற்றியது. இரண்டும் பாலினின் கம்பெனிக்காகக் கட்டத் தொடங்கிய கப்பல்கள்தாம். மதுவுக்காகத் திறந்த அந்த வழி மதுவிலக்கு முடிந்த பிறகும் மூடப்படவில்லை. கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள் செல்லும் என்பதைக் கப்பல் முதலாளிகள் புரிந்துகொண்டார்கள். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலின் வெளிநாட்டு ஊழியர்களுக்கு அமெரிக்கத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தாது என்று 1963-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடிக்கக் கொடுத்த காசு என்று பெயர் வாங்கிய ஒன்று, குடிக்காக மாற்றிய கொடியின் கீழ் சம்பளமாக உட்கார்ந்துகொண்டது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வியக்க வைப்பது இந்த இடம்தான்.

1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. பயணிக் கப்பல்கள் வேலையிழந்தன. அப்படி ஒதுங்கிய ஒன்றை வாங்கி ‘மார்டி கிரா’ என்று பெயர் மாற்றி 1972 மார்ச்சில் மயாமியிலிருந்து கார்னிவல் கம்பெனியைத் தொடங்கினார் டெட் அரிசன். முதல் பயணத்திலேயே, முந்நூறு பயண முகவர்கள் கப்பலில் இருக்கும்போதே, துறைமுகத்துக்கு வெளியே மணல்திட்டில் தட்டி நின்றது. கையில் பணம் கிடையாது, எரிபொருளும் மிச்சம் பிடிக்க வேண்டும். அதனால் கப்பலை மெதுவாக ஓட்டி, பயணிகளைக் கப்பலுக்குள்ளேயே ஆட்டம் பாட்டத்தில் வைத்திருந்தார்கள். டிக்கெட்டை மலிவாக விற்று உள்ளே சம்பாதிக்கும் வழி அப்படிப் பிடிபட்டது. மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டிக்கெட் மலிவாகத் தெரிய வேண்டுமானால் ஸ்டூவர்டின் சம்பளம் அதற்குள் தெரியக் கூடாது. அது கடைசி இரவின் வெள்ளைக் கவர்களுக்குப் போனது. வெயிட்டருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று, கேபின் ஸ்டூவர்டுக்கு ஒன்று.

கவரை ஒழித்தது சாப்பாட்டு மேசை. ஒரே மேசை, ஒரே வெயிட்டர் என்ற வழக்கத்தை விட்டு, எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று 2000-ல் நார்வீஜியன் கம்பெனி மாற்றியது. தினம் ஒரு வெயிட்டர் என்றால் யாருக்குக் கவர் கொடுப்பது? நாளொன்றுக்கு இவ்வளவு என்று பில்லிலேயே சேர்த்தார்கள். இன்று பெரிய கம்பெனிகளில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர்; சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை என்றால் இன்னும் சில டாலர் கூடும். இரண்டு பேர் ஏழு இரவு போனால் 224 முதல் 280 டாலர். பாரில் வாங்கும் ஒவ்வொன்றிலும் 18 முதல் 20 சதவீதம் தனி. சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்ரகக் கப்பல்களில் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். 1844-ல் இந்தக் கதையைத் தொடங்கிய பி அண்ட் ஓவின் உல்லாசக் கப்பல் பிரிவு இப்போது கார்னிவல் குழுமத்தின் கையில். அது 2019-ல் இந்தத் தினப்படியை எடுத்துவிட்டுக் கட்டணத்தோடு சேர்த்துக்கொண்டது. ஹான்வே கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

விருந்தினர் கேட்பதை ஏற்பாடு செய்து தரும் கான்சியர்ஜ் கப்பலுக்கு வந்த வழி வேறு. பாரிஸில் அரசர்கள் விட்டுப்போன அரண்மனையைப் பார்த்துக்கொண்ட அதிகாரிக்கு அந்தப் பெயர். அவர் பெயரால் அந்தக் கட்டடம் ‘கான்சியர்ஜரி’ ஆயிற்று, பிறகு சிறையாயிற்று. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் 1793-ல் கொலைமேடைக்குப் போனது அங்கிருந்துதான். சாவிக்கொத்து வைத்திருப்பவர் என்ற பொருள் மாறாமல் பெயர் ஹோட்டலுக்குப் போனது. 1929-ல் பாரிஸ் ஹோட்டல் கான்சியர்ஜ்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். குறுக்கிட்ட இரண்டு தங்கச் சாவிகள் அதன் சின்னம். 2008-ல் எம்எஸ்சி கம்பெனியின் ‘ஃபான்டாசியா’ கப்பலில் சூட்காரர்களுக்கென்று தனிப்பகுதி வந்ததுபோல, கப்பலுக்குள் ஒரு சின்னக் கப்பல் கட்டும் வழக்கம் பரவியபோது கான்சியர்ஜும் பட்லரும் கூடவே ஏறினார்கள்.

பல கப்பல்களில் பில்லில் பிடிக்கும் தினப்படியில் இவர்கள் இருவருக்கும் பங்கு கிடையாது. ஏறும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கான்சியர்ஜுக்கு நாள் கணக்கு வேண்டாம், வேலைக் கணக்கு போதும். கிடைக்காத மேசையைப் பிடித்துத் தந்தார், தவறிப்போன சுற்றுலாவை மாற்றிக் கொடுத்தார் என்றால் 20 டாலரோ அதற்கு மேலோ கையில் கொடுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒரு நன்றி போதும். கேபின் ஸ்டூவர்ட் விஷயம் அப்படியல்ல. வரவேற்பு மேசைக்குப் போய்த் தினப்படியைக் குறைக்கச் சொல்லி, “நாங்களே நேரில் கொடுத்துக்கொள்கிறோம்” என்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். துணி வெளுப்பவர், பாத்திரம் தேய்ப்பவர் என்று நாம் முகமே பார்க்காத பலருக்கும் அதிலிருந்துதான் போகிறது. ஆறிலிருந்து ஒன்பது மாத ஒப்பந்தம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே ஒரு நாளைக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி வரை வேலையை அனுமதிக்கிறது. தினப்படிக்கு மேல் ஸ்டூவர்டுக்குத் தனியாக ஒரு 20, 30 டாலர் கவரில் வைத்து, கடைசி இரவு அவசரத்தில் அல்லாமல் முந்தின நாளே கையில் கொடுப்பது என் வழக்கம்.

கூடவே ஒன்று. இறங்கும்போது தரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரை எழுதுங்கள். சட்டையில் குத்தியிருக்கும் அட்டையைப் பார்த்து எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். அந்தத் தாள் அவருடைய மேலதிகாரி கைக்குப் போகிறது.