ஒரு நாள் மணப்பெண்ணும் ஒரு வருஷ அழகியும்

எங்கள் ஆயக்குடியில் விடியற்காலையில் சந்தைப் பக்கம் போகிறவனைக் கொய்யாப்பழ வாசனைதான் முதலில் வரவேற்கும். கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கும். விலை பேசுகிறவர்களின் குரல் ஒரு பக்கம், லாரிக்காரர்களின் அவசரம் இன்னொரு பக்கம். இந்த அமளிக்கு நடுவே கைதட்டி, வாய் நிறைய ஆசீர்வாதம் சொல்லிக் கடை கேட்டுப் போகும் திருநங்கை ஒருவரை எனக்குச் சில வருஷங்களாகப் பழக்கம். என் கதை பத்திரிகையில் வந்த வாரத்தில் அவரிடம் அகப்பட்டுக்கொண்டால் தப்ப முடியாது. “முடிவு சரியில்லை அண்ணே” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். விமர்சகர்களில் நான் கைக்காசு கொடுத்து அனுப்பியது அவர் ஒருவரைத்தான்.

ஒரு பங்குனி மாதம் அவர் காசு கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார்.

“அண்ணே, தமிழ்நாட்டிலே மொத்தம் எத்தனை மாவட்டம்?”

“38.”

“அத்தனை பேரையும் இதிலே எழுதிக் கொடுங்க.”

“இந்த வயதில் என்ன பரீட்சை அம்மா?”

“பரீட்சைதான். சித்திரையிலே விழுப்புரம் போறேன். மிஸ் கூவாகம் மேடையிலே ஏறப் போறேன். பொது அறிவுக் கேள்வியெல்லாம் கேப்பாங்களாம்.”

எழுதிக் கொடுத்தேன். 37-ஐ எழுதிவிட்டு, மயிலாடுதுறை விட்டுப்போனது தெரியாமல் பத்து நிமிஷம் விழித்தேன். அன்றைக்கு அவர் போன பிறகு அந்தப் போட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு அல்லவா? அரசர்களும் யுத்தங்களும் இல்லாத சரித்திரம். ஆனால் அதன் வேர் பாரத யுத்தத்தில்தான் இருக்கிறது.

அரவானின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. அர்ச்சுனனுக்கும் நாக கன்னிகை உலூபிக்கும் பிறந்த பிள்ளை. வியாசர் அவனைப் போர்க்களத்தில் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் கையால் கொல்லுகிறார். தமிழ்நாட்டுக்கு அது போதவில்லை. 9-ம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரிலிருந்தே நம் பாரதங்கள் அவனைக் களப்பலி ஆக்கிவிட்டன. சகல லட்சணமும் பொருந்தியவர்கள் அந்தப் பாளையத்தில் மூவர்தான்: கண்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரும் யுத்தத்துக்கு வேண்டியவர்கள். மூன்றாமவன் இளையவன்; பலி கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. அப்புறம் தெருக்கூத்தும் கோயில் கதையும் சேர்ந்து அவனுக்கு ஓர் ஆசையைக் கொடுத்தன. கல்யாணம் ஆகாமல் சாக மாட்டேன் என்றான் பையன். மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க யார் வருவார்கள்? கண்ணனே மோகினியாக வந்து ஓர் இரவு மனைவியாக இருந்தான். விடிந்ததும் அவனே விதவையாகி அழுதான்.

அந்த இரவையும் அந்த விடியலையும் வருஷந்தோறும் நடத்திக் காட்டுகிற ஊர் கூவாகம். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கிராமம். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது அதோடு போயிற்று. அங்கே கூத்தாண்டவர் என்ற பெயரில் அரவான் குடியிருக்கிறான். சித்திரை உற்சவம் 18 நாள். பௌர்ணமி இரவில் தமிழ்நாட்டிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து குவிகிற திருநங்கைகள் பட்டுடுத்தி, பூ முடித்து, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காகக் கட்டிக்கொள்ளும் சுற்றுவட்டார ஆண்களும் உண்டு. இரவெல்லாம் கும்மியும் பாட்டும். மறுநாள் அரவானின் தேர் புறப்பட்டு அழுகளம் சேருகிறது. அங்கே தாலி அறுக்கப்படுகிறது, வளையல் உடைகிறது. நேற்று சிரித்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுது, குளித்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். அந்த அழுகை நடிப்பல்ல. அரவானுக்காக ஒரு பங்கு, வீட்டை விட்டு விரட்டின அப்பனுக்காகவும், பார்த்தும் பாராமல் போன அண்ணன் தம்பிகளுக்காகவும் மிச்சப் பங்கு என்று நான் நினைக்கிறேன்.

சரி, இந்தக் கண்ணீருக்கும் கிரீடத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்குக் கூவாகத்தில் இடம் ஏது? ஆகையால் உற்சவத்துக்குச் சில நாள் முன்பே விழுப்புரத்து விடுதிகள் நிரம்பிவிடும். ஒரு வருஷம் பிரிந்திருந்த தாயும் மகளும் — பெற்ற தாயல்ல, தத்தெடுத்த தாய் — அங்கேதான் சந்திப்பார்கள். சேலையும் நகையும் காட்டிக்கொள்வார்கள். ஆடுவார்கள், பாடுவார்கள். யார் அழகு என்ற பேச்சு அங்கே எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தப் பேச்சுக்கு ஒரு மேடை வந்தது. அதற்குக் காலமும் ஒத்தாசை செய்தது. 1994-ல் சுஷ்மிதா சென்னும் ஐசுவர்யா ராயும் ஒரே வருஷத்தில் உலகத்துக் கிரீடங்கள் இரண்டையும் கொண்டுவந்தார்கள். ‘மிஸ்’ என்ற சொல் பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எதிர்ப்பும் பலமாக எழுந்தது. பெண்ணைச் சந்தைப் பொருளாக்காதே என்று ஊர்வலம் போனார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெண் என்றே ஒப்புக்கொள்ளப்படாத ஒருவருக்கு, ஆயிரம் பேர் முன்னிலையில் ‘நீ அழகி’ என்று சொல்லப்படுவது அதே விஷயமாகுமா? உண்கிறவனுக்கு உபவாசம் நல்லது என்று சொல்லலாம். பட்டினி கிடக்கிறவனிடம் அதைச் சொல்லக் கூசும்.

மேடைக்குப் பின்னால் இருந்த இன்னொரு காரணம் அத்தனை அழகானதல்ல. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. அதுவரை கூவாகத்தைக் கூட்டம், காவல் பந்தோபஸ்து என்ற அளவில் பார்த்த சர்க்கார், இப்போது ஜாக்கிரதை சொல்லவேண்டிய ஜனங்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்று கண்டுகொண்டது. நோய்க்குப் பயந்து வந்தவர்கள்தான், ஆனாலும் வந்தார்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் தென்னிந்தியத் திருநங்கைகள் கூட்டமைப்பும் சேர்ந்து விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் போட்டியை நடத்துவது வழக்கமாயிற்று. முதல் சுற்றில் நடை, உடை, பாவனை பார்த்துக் கழிப்பார்கள். மிஞ்சினவர்களை இன்னொரு சுற்றில் வடிகட்டுவார்கள். கடைசிச் சுற்றில் பொது அறிவுக் கேள்வி. அதோடு எய்ட்ஸைப் பற்றிய கேள்வி.

இந்தக் கடைசிச் சுற்று எனக்கு உறுத்துகிறது. பெங்களூர் மேடையில் நின்ற அழகிகளிடம் யாரும் நோயைப் பற்றித் தேர்வு வைத்ததாகச் சொல்ல மாட்டார்கள். இவர்களுடைய அழகுக்கு மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் அத்தாட்சி வாங்கவேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி இல்லாவிட்டால் பந்தலும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை, ஒருவேளை எத்தனையோ உயிர்களும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

இதே கணக்கைக் கடல் கடந்து வேறு ஒரு கூட்டத்தாரும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ என்றதும் நமக்கு 1893-ம் விவேகானந்தரும்தான் ஞாபகம் வரும். அதே நகரத்தில் 1979 முதல் வருஷந்தோறும் ஒரு போட்டி நடக்கிறது. ‘சர்வதேச மிஸ்டர் லெதர்’ என்று பெயர். தோல் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திண்டுக்கல் தோல் ஷாப்பும், பஸ் ஜன்னலில் மூக்கைப் பொத்திக்கொள்வதும்தான். அங்கே அது கறுப்புத் தோல் சட்டை, பூட்ஸ், தோல் தொப்பி. ஆணை விரும்பும் ஆண்களில் ஒரு பிரிவார் அதைத் தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்களின் மோட்டார் சைக்கிள் சங்கங்களில் கிளைத்த வழக்கம் இது. 1954-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஸாட்டிர்ஸ்’ என்ற சங்கம் தோன்றியது. ஆணை விரும்புகிற ஆண் என்றாலே பெண்மை என்று ஊர் கேலி செய்தது. இல்லை, நாங்கள் ஆண்கள்தான் என்று காட்ட அந்தத் தோல் உதவிற்று. நம் விழுப்புரத்தில் பட்டுப்புடவை செய்கிற காரியம் நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்து செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ‘கோல்ட் கோஸ்ட்’ என்ற மதுக்கடையை நடத்திய சக் ரென்ஸ்லோ என்பவர், தம் கடையிலேயே வைத்த சின்னப் போட்டி இடம் கொள்ளாமல் பெருகவே, தம் துணைவரான டாம் ஒரெஹுடோஸ் என்ற ஓவியருடன் சேர்ந்து பெரிய போட்டியை ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்குள், 1981-ல், அமெரிக்காவில் அந்த நோயின் முதல் செய்தி வெளியாயிற்று. தோல் சட்டைக்காரர்கள் வரிசையாகச் சாகத் தொடங்கினார்கள். வெறும் அழகுப் பட்டம் அப்போது கடமைப் பட்டமாக மாறிற்று. ஜெயித்தவன் ஊர் ஊராகப் போய் நோயாளிகளுக்காகப் பணம் திரட்டவேண்டும், பேசவேண்டும் என்று ஆயிற்று. 1991-ல் ரென்ஸ்லோவும் டோனி டிப்ளாஸ் என்பவரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு பொருட்காட்சிச்சாலையும் ஏற்படுத்தினார்கள். செத்தவர்களின் சட்டைகளும் பட்டயங்களும் குப்பைக்குப் போகாமல் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை.

சட்டத்தைப் பார்த்தாலும் ஒரு விசித்திரம். ஆணும் ஆணும் கூடுவது குற்றம் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் நீக்கிய மாநிலம் சிகாகோ இருக்கிற இல்லினாய்தான். அது நடைமுறைக்கு வந்தது 1962-ல். வெள்ளைக்காரன் நமக்கு எழுதிவைத்த 377-வது பிரிவு அமலுக்கு வந்தது 1862-ல். நம் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6-ம் தேதி.

திருநங்கைகளின் விஷயத்தில் தமிழ்நாடு அவ்வளவு சோம்பலாக இல்லை. 2008 ஏப்ரல் 15-ம் தேதி அவர்களுக்கென்று ஒரு நல வாரியம் ஏற்பட்டது. ‘அரவாணி’ என்ற பெயர் மெள்ளப் பின்வாங்கி, ‘திருநங்கை’ நிலைத்தது. ஆறு வருஷம் கழித்து, 2014-ல், அதே ஏப்ரல் 15-ம் தேதி மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. 2020-லும் 2021-லும் கொரோனாவால் உற்சவமே நின்றுபோயிற்று. அந்த இரண்டு வருஷமும் அரவானுக்கு மனைவியும் இல்லை, அழுவாரும் இல்லை. 2022-ல் மறுபடி கூடினார்கள்.

ஆயக்குடிக்காரர் திரும்பி வந்தது பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு. கையில் கண்ணாடி வளையல் இல்லை. நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“கடைசிச் சுத்து வரைக்கும் போனேன் அண்ணே. பட்டம் கிடைக்கல.”

“மாவட்டம் கேட்டார்களா?”

“அந்த நோட்டை ராத்திரி பகலா உருப்போட்டேன். என்கிட்டே கேட்டது, அந்தக் கிருமி எப்படியெல்லாம் பரவாதுன்னு. கையைப் பிடிச்சாப் பரவாது, ஒரே தட்டிலே சாப்பிட்டாப் பரவாதுன்னு சொன்னேன். கை தட்டினாங்க.”

“சரியான பதில்தானே?”

“சரிதான். சொல்லி முடிச்சு எறங்கும்போதுதான் தோணுச்சு. எங்க அம்மா என் கூட ஒரே தட்டிலே சாப்பிட்டுப் பதினெட்டு வருஷம் ஆகுது. எனக்கு அந்த நோயும் கிடையாது.”

பக்கத்துக் கூடையிலிருந்து பழுத்த கொய்யா ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு என் பக்கம் நீட்டினார். அடுத்த வருஷமும் போவதாகச் சொன்னார். நோட்டு பத்திரமாக இருக்கிறதாம். மயிலாடுதுறையை மட்டும் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளவேண்டுமாம்.