பொன் கன்றுக்குட்டியும் பெர்லின் பேங்கும்

போன மாதம் இங்கே புனேயில், எங்கள் தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் கேட்டான். "அங்கிள், ஜெர்மனியில எல்லாருமே கிறிஸ்தவங்கதானே? அப்புறம் எப்படி ஹிட்லர் பின்னாடி போனாங்க?"

பாஸ்டரைக் கேளுப்பா என்று நழுவிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

அவன் சொன்னது கிட்டத்தட்ட சரிதான். 1933-ல் ஜெர்மனியின் ஆறரைக் கோடி ஜனங்களில் சுமார் 4 கோடிப் பேர் புராட்டஸ்டன்ட், 2 கோடிப் பேர் கத்தோலிக்கர். அந்த ஜூலையில் நடந்த புராட்டஸ்டன்ட் சபைத் தேர்தலில் நாஜி ஆதரவு அணிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. வேலையில்லாதவர்கள் 60 லட்சம், உலகப்போரில் தோற்ற அவமானம், கம்யூனிஸ்ட் பயம்... இதெல்லாம் ஸ்கூல் புத்தகத்திலேயே இருக்கிறது. ரோமர் 13-ஐக் காட்டி அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பிரசங்கம் வேறு. பிற்பாடு ஹிட்லரை எதிர்த்து ஜெயிலுக்குப் போன போதகர் மார்ட்டின் நீமொல்லரே 1933-ல் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்தான்.

ஓட்டுப் போடுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் தினமும் ஆபீஸ் போய் வந்தார்களே, அது எப்படி? பி.காம். படித்த என் மரமண்டைக்கு அதைப் புரியவைத்தது ஒரு பேங்க் கணக்கு.

பெர்லினில் ரைஷ்பேங்க் என்பது நம்ம ரிசர்வ் பேங்க் மாதிரி. அதில் தங்கம், வெள்ளிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஆல்பர்ட் டோம்ஸ். 1942-ல் பேங்கின் துணைத் தலைவர் எமில் பூல் அவரைக் கூப்பிட்டு, எஸ்.எஸ். படையிடமிருந்து சரக்கு வரும், வெளியே மூச்சு விடக்கூடாது என்றார். ஆகஸ்டில் முதல் லோடு வந்தது. கொண்டுவந்தவர் மெல்மர் என்ற எஸ்.எஸ். அதிகாரி. 70 தடவைக்கு மேல் வந்தார். கரன்சி, மோதிரம், மூக்குக்கண்ணாடி பிரேம்... நவம்பரில் வந்த பத்தாவது லோடில் தங்கப் பற்கள். சில பொட்டலங்களில் லுப்ளின், ஆஷ்விட்ஸ் என்று முத்திரை.

எடை போட்டார்கள். ரகம் பிரித்தார்கள். பற்கள் உருக்குவதற்கு நாணயச் சாலைக்கு, நகைகள் பெர்லின் முனிசிபல் அடகுக் கடைக்கு. ரசீது, வவுச்சர், பேரேடு எல்லாம் கச்சிதம். பணம் 'மேக்ஸ் ஹைலிகர்' என்பவர் பெயரில் வரவு. அப்படி ஒரு ஆளே கிடையாது. ஹைலிக் என்றால் ஜெர்மனில் பரிசுத்தம்!

1946 மே மாதம் டோம்ஸ் நியூரம்பர்க் கோர்ட்டில் சாட்சி சொன்னார். பேங்க் தலைவர் ஃபுங்க்குக்கு ஆயுள் தண்டனை. பூலுக்கு 1949-ல் 5 வருஷம்.

இதைப் படித்தபோது யாத்திராகமம் 32 ஞாபகம் வந்தது. ஜனங்கள் காதில் கிடந்த பொன்னைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். மோசே வந்து அதட்டியதும் ஆரோன் சொல்லும் பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? நெருப்பில் போட்டாராம், கன்றுக்குட்டி தானாக வெளியே வந்துவிட்டதாம்! கருவி பிடித்து உருவம் செய்தது அவர் கைதான். சண்டே ஸ்கூலில் இதற்குச் சிரித்திருக்கிறேன். ஆனால் ஆரோன் கொடியவர் இல்லை. கூட்டத்துக்குப் பயந்தார், கேட்டதைச் செய்து கொடுத்தார், அவ்வளவுதான். பொய், குடி, கோபம் எல்லாம் நாம் ஜெபத்தில் அறிக்கை செய்கிறோம். ஆபீஸில் போட்ட கையெழுத்தை அறிக்கை செய்து நான் கேட்டதில்லை.

என் கையெழுத்தும் ஒன்று உண்டு. பல வருஷம் முன்பு ஒரு மார்ச் 31 ராத்திரி, வராக்கடன்களைப் புதுக்கடன் கொடுத்து அடைத்ததாகக் காட்டும் ஃபைல்கள் என் மேஜைக்கு வந்தன. மேலிடத்து உத்தரவு. ரெண்டாவது கையெழுத்து என்னுடையது. போட்டேன். அந்தப் பெர்லின் கணக்கோடு இதை ஒப்பிடவே கூடாது, யாரும் சாகவில்லை. ஆனாலும் அன்றைக்கு மனசு உறுத்தியதா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை. பசித்தது, கேன்டீன் மூடியிருந்தது. அதுதான் ஞாபகம் இருக்கிறது.

போன ஞாயிறு அந்தப் பையனைப் பிடித்து உட்காரவைத்து டோம்ஸ் கதையைச் சொன்னேன். மார்ச் 31 கதையையும் சொன்னேன். டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஏன் அங்கிள் ஒண்ணும் கேக்கல?" என்றான்.